சி டிரைவ் சிவப்பாயிருச்சு, டெம்ப் அழிச்சும் இடம் வரலைங்க: எதை அழிக்கலாம், எதைத் தொடக்கூடாது?

பல்லடம் | 4 ஜனவரி 2025, காலை

வணக்கமுங்க. வீட்டுல இருக்கறது பழைய டெஸ்க்டாப். விண்டோஸ் 10, ரேம் 4 ஜிபி, ஹார்ட் டிஸ்க் 500 ஜிபி. அதுல சி டிரைவுக்கு 97 ஜிபி ஒதுக்கியிருக்குது. இப்ப 1.6 ஜிபிதான் காலி. தறிக் கணக்கு முச்சூடும் டேலிங்கற கணக்கு சாஃப்ட்வேர்ல, பொண்ணோட காலேஜ் ப்ராஜெக்டும் இதுலதான். நிரல்கள் தற்காலிகமா எழுதற டெம்ப் ஃபோல்டரை அழிச்சா 400 எம்பி வருது, ரெண்டு நாள்ல மறுக்கா சிவப்பு. விண்டோஸ் ஃபோல்டருக்குள்ள 2019, 2020 தேதி போட்ட ஃபைல் நிறையக் கிடக்குது. பழசுதானேன்னு ஒட்டுக்கா அழிச்சுப்போடலாமுங்களா? இல்லை ஏதாச்சும் கிளீனர் சாஃப்ட்வேர் போட்டாப் போதுமுங்களா?

ஈரோடு | 4 ஜனவரி 2025, காலை

தேதியைப் பார்த்து எதையும் அழிக்காதீங்க. விண்டோஸ் ஃபோல்டர்ல 2019 தேதி போட்ட ஃபைல்தான் இன்னைக்கும் ஓடிட்டு இருக்கும்.

மொதல்ல இடம் எங்க போச்சுன்னு பாருங்க. ஃபோல்டர் அளவைக் காட்டற நிரல் விண்டிர்ஸ்டாட் இல்லைன்னா ட்ரீசைஸ் ஃப்ரீ, ரெண்டுல ஒண்ணைப் போடுங்க. ரெண்டும் இலவசம்தான். டி டிரைவ்ல இன்ஸ்டால் பண்ணுங்க, சி-ல இருக்கற கொஞ்ச இடத்தையும் அதுக்குக் குடுக்க வேண்டாம். திறக்கறப்ப ரைட் கிளிக் பண்ணி ‘ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்’ குடுக்கணும். இல்லைன்னா சிஸ்டம் வால்யூம் இன்ஃபர்மேஷன் மாதிரிப் பூட்டின ஃபோல்டரெல்லாம் பூஜ்யம்னு காட்டும், கூட்டிப் பார்த்தா கணக்கு இடிக்கும். பெரிய ஃபோல்டர் எல்லாத்தையும் அளவோட இங்க எழுதுங்க.

அதுக்கு முன்னாடி ஒரு வேலை. டேலியில கம்பெனி தேர்ந்தெடுக்கற திரையில டேட்டா இருக்கற பாதை தெரியும். அந்த ஃபோல்டரை அப்படியே பென் டிரைவுக்கு காப்பி பண்ணிப்போட்டு, பென் டிரைவைக் கழட்டி வெச்சுருங்க. அப்பறம் மத்தது.

திருப்பூர் | 4 ஜனவரி 2025, மதியம்

டெம்ப் அழிக்கறதுக்கும் ஒரு முறை இருக்குதுங்க. முதல்ல ரீஸ்டார்ட். ஷட் டவுன் பண்ணி ஆன் பண்றது போதாது. விண்டோஸ் 10-ல ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இருந்தா ஷட் டவுன்ல சிஸ்டம் பாதி தூங்கித்தான் எந்திரிக்கும், சர்வீஸ்கள் பிடிச்சு வெச்ச ஃபைலை விடாது. ரீஸ்டார்ட் குடுத்தாத்தான் விடும். பாதியில நிக்கற அப்டேட்டும் அப்பத்தான் முடியும்.

ரீஸ்டார்ட் ஆனதும் வேற எதையும் திறக்காம விண்டோஸ் கீயையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அமுக்குங்க. வர்ற பெட்டியில சதவீதக் குறி, டெம்ப், சதவீதக் குறின்னு இடைவெளி விடாம ஆங்கிலத்துல அடிச்சா ஃபோல்டர் திறக்கும். எல்லாத்தையும் செலக்ட் பண்ணி ஷிஃப்ட் டெலீட். வெறும் டெலீட் குடுத்தா ரீசைக்கிள் பின்னுக்குத்தான் போகும், ஒரு எம்பி இடமும் வராது. ‘ஃபைல் இன் யூஸ்’னு கேட்டா ‘ஸ்கிப்’ குடுத்துருங்க, கட்டாயப்படுத்தி அழிக்க வேண்டாம். இது உங்க யூசரோட டெம்ப். விண்டோஸ் ஃபோல்டருக்குள்ள இன்னொரு டெம்ப் இருக்குது, அதையும் இதே மாதிரி.

பனியன் பிரிண்ட் டிசைன் பண்ற வீடுகள்ல இந்த டெம்ப் ஜிபி கணக்குல போகும். ஃபோட்டோஷாப் ஓடிட்டு இருக்கறப்ப கரண்ட் போனா ‘ஃபோட்டோஷாப் டெம்ப்’னு எண்ணோட ஒரு ஃபைல் அப்படியே தங்கிடும். ஃபோட்டோஷாப்பை மூடிட்டு அழிச்சா ஒண்ணும் ஆகாது. கோரல்டிரா வேற மாதிரி. நீங்க சேவ் பண்ற இடத்துலயே ‘பேக்கப் ஆஃப்’னு ஆரம்பிக்கற பேர்ல இன்னொரு காப்பி போட்டு வெக்கும். அசல் ஃபைலைத் திறந்து, டிசைன் முழுசா வருதான்னு பார்த்துட்டு அப்பறமா அதை எடுங்க. கரண்ட் போறப்ப அசல் கெட்டுப்போச்சுன்னா அந்த பேக்கப்தான் கை குடுக்கும்.

பல்லடம் | 4 ஜனவரி 2025, இரவு

ட்ரீசைஸ்ல பார்த்துட்டனுங்ணா. யூசர்ஸ் 30 ஜிபி, விண்டோஸ் 27, விண்டோஸ்.ஓல்டு 16, புரோகிராம் ஃபைல்ஸ் ரெண்டும் சேர்ந்து 9, சிஸ்டம் வால்யூம் இன்ஃபர்மேஷன் 6, பேஜ்ஃபைல் 5, ஹைபர்ஃபில் 1.6. டேலி டேட்டா பென் டிரைவுக்குப் போயிருச்சு.

ஈரோடு | 5 ஜனவரி 2025, காலை

பதில் உங்க பட்டியல்லயே இருக்குதுங்க. 400 எம்பி டெம்ப்போட மல்லுக்கட்டிட்டு இருக்கீங்க, 16 ஜிபி பக்கத்துலயே கிடக்குது.

விண்டோஸ்.ஓல்டுங்கறது இதுக்கு முன்னாடி இருந்த விண்டோஸ். பெரிய அப்டேட் ஏறினா அது உருவாகும், பத்து நாள்ல தானாப் போகணும். போகாமத் தங்கிடறதும் உண்டு. ஆனா சர்வீஸ் கடையில ஃபார்மட் பண்ணாம மேலயே விண்டோஸ் போட்டுக் குடுத்திருந்தாலும் இதே ஃபோல்டர் வரும். அப்படின்னா பழைய டெஸ்க்டாப், பழைய டாக்குமெண்ட்ஸ் எல்லாம் அதுக்குள்ள ‘யூசர்ஸ்’ல உக்காந்திருக்கும். கல்யாண ஃபோட்டோ, பட்டா ஸ்கேன் எல்லாம் அங்கதான் கிடக்கும். உள்ள போய்ப் பாருங்க, வேண்டியதை டி டிரைவுக்கு எடுத்துக்கங்க. அழிச்சா திரும்ப வராது.

பார்த்து முடிச்சதும் அந்த ஃபோல்டரைக் கையால டெலீட் பண்ணப் போகாதீங்க, பர்மிஷன் இல்லைன்னு நூறு தடவை கேக்கும். ஸ்டார்ட்ல டிஸ்க் கிளீனப்னு தேடித் திறங்க. சி டிரைவ். கீழ ‘கிளீனப் சிஸ்டம் ஃபைல்ஸ்’னு ஒரு பட்டன் இருக்கும். பல பேர் அதை அமுக்கறதே இல்லை, அதனாலதான் 200 எம்பிதான் வருதுன்னு விட்டுப்போடறாங்க. அதை அமுக்கினா மறுக்கா சி கேட்டு, பெரிய பட்டியல் வரும். ‘ப்ரீவியஸ் விண்டோஸ் இன்ஸ்டலேஷன்ஸ்’, ‘விண்டோஸ் அப்டேட் கிளீனப்’, ‘டெலிவரி ஆப்டிமைசேஷன் ஃபைல்ஸ்’, ‘டெம்பரரி விண்டோஸ் இன்ஸ்டலேஷன் ஃபைல்ஸ்’, ‘சிஸ்டம் எரர் மெமரி டம்ப்’ இதுக்கெல்லாம் டிக் போடலாம். ‘தம்ப்நெயில்ஸ்’ வேண்டாம், அழிச்சாலும் ஃபோட்டோ ஃபோல்டரைத் திறக்கறப்ப மறுபடி உருவாக்கும், பழைய மெஷின்ல அதுக்கு நேரமாகும்.

ஒரு வரியைக் கண்ணு வெச்சுப் பாருங்க. விண்டோஸ் 10-ல சில பதிப்புகள்ல இதே பட்டியல்ல ‘டவுன்லோட்ஸ்’னும் ஒண்ணு இருக்கும். அது குப்பை இல்லைங்க, உங்க டவுன்லோட்ஸ் ஃபோல்டரே அதுதான். எல்லாத்துக்கும் வரிசையா டிக் போட்டுட்டே போனா பொண்ணோட ப்ராஜெக்டும் சேர்ந்து போயிரும். ரீசைக்கிள் பின்லயும் இருக்காது.

‘அப்டேட் கிளீனப்’ ஹார்ட் டிஸ்க்ல ரொம்ப நேரம் எடுக்கும். 4 ஜிபி ரேம்ல ஒரு மணி நேரத்துக்கு மேல போனாலும் பயப்படாதீங்க, நின்னு போச்சுன்னு நெனச்சு பவர் பட்டனை அமுக்காதீங்க. நடுவுல கரண்ட் போனா அடுத்த அப்டேட் ஏறாம தகராறு பண்ண வாய்ப்பு இருக்குது. உங்க துணைமின் நிலையத்துல மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை என்னைக்குன்னு பார்த்துட்டு, அந்த நாளை விட்டுட்டு ஆரம்பிங்க.

சிஸ்டம் வால்யூம் இன்ஃபர்மேஷன்ல இருக்கற 6 ஜிபி ரீஸ்டோர் பாயிண்ட், அதாவது சிஸ்டத்தைப் பழைய நிலைக்குத் திருப்பறதுக்கு எடுத்து வெச்ச பதிவு. ஸ்டார்ட்ல ‘கிரியேட் எ ரீஸ்டோர் பாயிண்ட்’னு தேடி, சி-யைத் தேர்ந்தெடுத்து ‘கான்ஃபிகர்’. மேக்ஸ் யூசேஜை 3 சதவீதத்துக்கு இறக்குங்க. முழுசா ஆஃப் பண்ண வேண்டாம், பிரிண்டர் மாதிரிக் கருவியை ஓட்டற டிரைவர் நிரல் ஒண்ணு ஒத்துக்காமப் போனா திரும்பி வர்றதுக்கு அது ஒரு நல்ல வழி.

கோபி | 5 ஜனவரி 2025, மாலை

மெஷின் ஹைபர்னேட் ஆகறப்ப, அதாவது திறந்திருக்கற வேலையை டிஸ்க்ல எழுதி வெச்சுட்டு அணையறப்ப, பயன்படற ஹைபர்ஃபில்லையும் எடுத்துப்போடலாமே? கமாண்ட் ப்ராம்ப்டை அட்மினிஸ்ட்ரேட்டரா திறந்து ‘பவர்சிஎஃப்ஜி’ங்கற ஆங்கில எழுத்துக்கள், ஒரு இடைவெளி, சாய்கோடு எச், ஒரு இடைவெளி, ஆஃப். அந்த நொடியே ஃபைல் போயிரும். விண்டோஸ் 10-ல அது ரேம்ல 40 சதவீதம் எடுக்கும். உங்களுக்கு 4 ஜிபிக்கு 1.6, சரியாத்தான் காட்டுது. விண்டோஸ் 7-ல 75 சதவீதம்.

ரேம் பத்தாதப்ப கை குடுக்கற பேஜ்ஃபைல்ல கை வெக்காதீங்க. 4 ஜிபி ரேம்ல அதை நிறுத்தினா குரோம்ல நாலு டேப் திறந்ததும் ‘மெமரி இல்லை’ன்னு சொல்லிட்டு எதாச்சும் ஒண்ணு மூடிக்கும். டேலியும் அதுல ஒண்ணா இருக்கலாம்.

பொள்ளாச்சி | 5 ஜனவரி 2025, இரவு

கோபி அண்ணா சொன்னதுல ஒரு திருத்தம். ஹைபர்னேஷனை ஆஃப் பண்ணினா ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பும் சேர்ந்து போயிரும். ஹார்ட் டிஸ்க் இருக்கற மெஷின்ல ஆன் ஆகற நேரம் கூடும். அதை விடப் பெருசு, யுபிஎஸ்ஸை யுஎஸ்பி கேபிள்ல இணைச்சு, கரண்ட் போய் பேட்டரி இறங்கினா தானா ஹைபர்னேட் ஆகற மாதிரி வெச்சிருக்கறவங்க இதைத் தொடவே கூடாது. பேட்டரி நிக்காத பழைய லேப்டாப்புக்கும் அப்படித்தான். 1.6 ஜிபிக்காக எழுதிட்டிருந்த கணக்கை விட்டுடக் கூடாது. அந்த யுபிஎஸ் வசதி இல்லாத டெஸ்க்டாப்னா, இடம் ரொம்பவே நெருக்கடின்னா மட்டும் எடுங்க.

கோபி | 6 ஜனவரி 2025

சரிங்க, அதுவும் ஞாயம்தான். பல்லடத்தார் விண்டோஸ்.ஓல்டை எடுத்தாலே போதும், ஹைபர்ஃபில் கிடக்கட்டும்.

பல்லடம் | 7 ஜனவரி 2025

விண்டோஸ்.ஓல்டுக்குள்ள பழைய டெஸ்க்டாப் நெசமாவே இருந்துச்சுங்க, எடுத்து டி-க்குப் போட்டாச்சு. டிஸ்க் கிளீனப் முடிஞ்சு இப்ப 23 ஜிபி காலி! ரொம்ப நன்றிங்ணா. யூசர்ஸ்ல இருக்கற 30 ஜிபியை என்ன பண்றதுங்க?

ஈரோடு | 7 ஜனவரி 2025

அது உங்க சொந்தச் சரக்கு, அழிக்கறதுக்குப் பதிலா இடம் மாத்துங்க. டி டிரைவ்ல மொதல்ல ‘டவுன்லோட்ஸ்’னு புதுசா ஒரு ஃபோல்டர் உருவாக்குங்க. சி-ல இருக்கற டவுன்லோட்ஸ்ல ரைட் கிளிக், ப்ராபர்டீஸ், லொகேஷன், மூவ். இப்ப உருவாக்கின ஃபோல்டரைக் காட்டுங்க. வெறும் டி டிரைவையே காட்டிட்டீங்கன்னா டிரைவ் முழுசுமே டவுன்லோட்ஸ் ஆயிரும், திருப்பி மாத்தறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிரும். பிக்சர்ஸ், வீடியோஸுக்கும் இதே வழி.

வாட்ஸ்அப் டெஸ்க்டாப் இருந்தா அதோட செட்டிங்ஸ்ல ஸ்டோரேஜ் பகுதிக்குப் போய் ஆட்டோ டவுன்லோடை எடுத்துருங்க. காலை வணக்கம் வீடியோ எல்லாம் ஃபோன்லயும் ஏறி, இங்கயும் ஏறிட்டு இருக்கும்.

குரோம் கேச்சை, அதாவது பார்த்த பக்கங்கள்ல இருந்து அது சேமிச்சு வெச்சதை, வாரா வாரம் அழிக்கறது வீண் வேலை. ரெண்டு நாள்ல அதே அளவுக்கு வந்துரும், அதுவரைக்கும் ஒவ்வொரு பக்கமும் மெதுவாத் திறக்கும். இடம் மொடையா இருக்கறப்ப மட்டும் கன்ட்ரோல், ஷிஃப்ட், டெலீட் மூணையும் சேர்த்து அமுக்கி, ‘கேச்டு இமேஜஸ் அண்ட் ஃபைல்ஸ்’ ஒண்ணுக்கு மட்டும் டிக். குக்கீஸை அழிச்சா ஜிஎஸ்டி, மின்வாரியம், எல்லாத்துலயும் மறுபடி லாகின் கேக்கும். ‘பாஸ்வேர்ட்ஸ்’ வரிக்குப் போகவே போகாதீங்க.

நாமக்கல் | 19 ஜனவரி 2025

எங்கூட்டுல இன்னும் விண்டோஸ் 7தானுங்க. விண்டோஸ் ஃபோல்டருக்குள்ள இருக்கற டெம்ப்ல ‘கேப்’, ஒரு அடிக்கோடு, அப்பறம் எண்ணுன்னு வரிசையா ஃபைல். ஒவ்வொண்ணும் 100 எம்பி. அழிச்சா மறுநாள் திரும்ப வந்து நிக்குது. வைரஸுங்களா?

ஈரோடு | 19 ஜனவரி 2025

வைரஸ் இல்லைங்க. விண்டோஸ் 7-ல இருக்கற பழைய கோளாறு. அப்டேட் ஏறறதைப் பத்தி எழுதி வெக்கற லாக் ஃபைல்கள் விண்டோஸ், லாக்ஸ், சிபிஎஸ் ஃபோல்டர்ல இருக்கும். பெருசானா அதைச் சுருக்கி ‘கேப்’ ஃபைலா மாத்தறதுக்கு ஒரு நிரல் ஓடும். அந்த நிரலால 2 ஜிபிக்கு மேல இருக்கற ஃபைலைச் சுருக்க முடியாது. பாதியில தோத்துப்போய் அரைகுறை ஃபைலை டெம்ப்ல விட்டுட்டு, கொஞ்ச நேரம் கழிச்சு மறுக்கா ஆரம்பிக்கும். டிரைவ் நிரம்பற வரைக்கும் இதே கதைதான். டெம்ப்பை மட்டும் அழிச்சா அதனாலதான் திரும்பத் திரும்ப வருது.

சர்வீசஸ் திறந்து ‘விண்டோஸ் மாட்யூல்ஸ் இன்ஸ்டாலர்’ங்கறதை ஸ்டாப் பண்ணுங்க. சிபிஎஸ் ஃபோல்டர்ல லாக்னு முடியற பெரிய ஃபைல்களை, ‘சிபிஎஸ் பெர்சிஸ்ட்’னு ஆரம்பிக்கறது உள்பட, வேற டிரைவுக்கு நகர்த்துங்க. அப்பறம் டெம்ப்ல இருக்கற ‘கேப்’ ஃபைல் எல்லாத்தையும் ஷிஃப்ட் டெலீட். ரீஸ்டார்ட். ரெண்டு நாள் பார்த்துட்டு, திரும்ப வரலைன்னா நகர்த்தி வெச்ச லாக்கையும் அழிச்சுருங்க.

விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14-ஓட பாதுகாப்பு அப்டேட் நின்னுபோச்சு. அந்த மெஷின்ல பேங்க் வேலை பார்க்காதீங்க.

கரூர் | 2 பிப்ரவரி 2025

இதுவரைக்கும் எதை அழிக்கலாம்னுதான் பேசியிருக்கோம். தொடக்கூடாததைச் சேர்த்து எழுதிடறேன், ஏன்னா வேண்டாததை அழிக்கறேன்னு கிளம்பறவங்க பெரும்பாலும் இங்கதான் மாட்டறாங்க.

விண்டோஸுக்குள்ள ‘இன்ஸ்டாலர்’னு ஒரு ஃபோல்டர் ஒளிஞ்சிருக்கும். எம்எஸ் ஆஃபீஸ், அடோபி ரீடர் போட்ட மெஷின்ல அது பல ஜிபிக்கு வளரும். பேர் புரியாத எழுத்துக் குவியல், பார்த்தா குப்பை மாதிரியே இருக்கும். அதை அழிச்சா அப்ப ஒண்ணும் ஆகாது. அடுத்த தடவை ஆஃபீஸை அப்டேட் பண்ணவோ, ரிப்பேர் பண்ணவோ, அன்இன்ஸ்டால் பண்ணவோ போனா அந்த ஃபைல் எங்கன்னு கேட்டு நின்னுரும்.

‘வின்எஸ்எக்ஸ்எஸ்’ ஃபோல்டர் 8, 10 ஜிபின்னு காட்டும். அதுல பெரும்பங்கு ஒரே ஃபைல் ரெண்டு பேர்ல தெரியறது, நெசமா அவ்வளவு இடம் பிடிக்கறதில்லை. கையால அழிச்சா சிஸ்டம் எந்திரிக்காமலே போகலாம். அதைக் குறைக்கணும்னா டாஸ்க் ஷெட்யூலர்ல மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், சர்வீசிங்னு உள்ள போய் ‘ஸ்டார்ட் காம்பொனென்ட் கிளீனப்’பை ரைட் கிளிக் பண்ணி ரன் குடுங்க, அது பார்த்துக்கும்.

‘ப்ரீஃபெட்ச்’ அழிச்சா வேகம் வரும்னு எல்லாப் பக்கமும் சொல்றாங்க. நேர்மாறு. எந்த நிரலுக்கு எந்த ஃபைல் முதல்ல வேணும்னு எழுதி வெச்ச குறிப்பு அது. மொத்தமே சில எம்பிதான். அழிச்சா அடுத்த கொஞ்ச நாள் எல்லாமே மெதுவாத் திறக்கும்.

ஃபாண்ட்ஸ் ஃபோல்டர். பழைய பத்திர நகல், கல்யாணப் பத்திரிகை, சங்கத் தீர்மானம்னு பாமினி எழுத்துருவுல அடிச்ச டாக்குமெண்ட் இருக்கற வீட்டுல பாமினியை எடுத்தா அத்தனையும் ஆங்கில எழுத்துக் கலவையாத் தெரியும். இந்த மாதிரி பழைய தமிழ் எழுத்துரு ஒண்ணு சில நூறு கேபிக்கு மேல போறதே அபூர்வம், அதுல மிச்சம் பண்ண ஒண்ணுமில்லை.

கடைசியா, டேலி டேட்டா. ஃபோல்டர் பேர் 10000, 10001னு வெறும் எண்ணா இருக்கும். உள்ள இருக்கற ஃபைலை டேலியைத் தவிர வேற எந்த நிரல்லயும் திறக்க முடியாது. குப்பைன்னு நெனச்சு அழிக்கறதுக்கு இதைவிடத் தோதான தோற்றம் வேற இல்லை. ஒவ்வொரு எண்ணும் ஒரு கம்பெனியோட முழுக் கணக்கு.

கிளீனர் சாஃப்ட்வேர் பத்தியும் கேட்டிருந்தீங்க, யாரும் பதில் சொல்லலை. வேண்டாமுங்க. டிஸ்க் கிளீனப் செய்யற வேலையைத்தான் அதுவும் செய்யும். கூடுதலா செய்யற ரெஜிஸ்ட்ரி (விண்டோஸோட செட்டிங்ஸ் பதிஞ்சிருக்கற இடம்) கிளீனிங் சில கேபிக்கு மேல மிச்சம் பண்ணாது, ஆனா பிரிண்டர், ஸ்கேனர் வேலை செய்யாமப் போக அது ஒண்ணு போதும். சிசிகிளீனர் நல்ல பேர் எடுத்ததுதான். அதோட 5.33 பதிப்புலயே 2017-ல தீநிரல் புகுந்து, அதிகாரபூர்வ டவுன்லோட் வழியாவே பரவுச்சு. விண்டோஸுக்குள்ளயே கருவி இருக்கறப்ப வெளிய ஒண்ணை அட்மினிஸ்ட்ரேட்டர் உரிமை குடுத்து உள்ள விடணுமா?

திருப்பூர் | 2 பிப்ரவரி 2025

வேர்டு ஃபைல் பக்கத்துல அலைக்குறியும் டாலர் குறியும் போட்டு ஒளிஞ்சிருக்கற குட்டி ஃபைல், வேர்டு மூடியிருந்தா அழிக்கலாம். ஆனா கரண்ட் போனதுக்கு அப்பறம் மொதல்ல வேர்டைத் திறந்து ரெக்கவரி வருதான்னு பாருங்க. சேவ் பண்ணாத டாக்குமெண்டை ஆஃபீஸ் நாலு நாள் வரைக்கும் வெச்சிருக்கும்.

அடிக்கடி கரண்ட் போற வீட்டுல சி-ல ‘ஃபவுண்ட்.000’னு ஒளிஞ்ச ஃபோல்டர் இருக்கும். டிஸ்க்கைச் சோதிக்கற செக்டிஸ்க் ஓடினப்ப துண்டு துண்டாக் கிடைச்சதைப் போட்டு வெச்ச இடம். எந்த ஃபைலும் காணாமப் போகலைன்னு உறுதியானா அதையும் எடுக்கலாம்.

பல்லடம் | 16 பிப்ரவரி 2025

இடம் வந்துருச்சுங்க, வேகம் வரலையே. ஆன் ஆகி டேலி திறக்கறதுக்குள்ள டீ குடிச்சுட்டு வந்துரலாம்.

ஈரோடு | 16 பிப்ரவரி 2025

அழிக்கறதால இடம்தான் வரும். டிரைவ் ரொம்ப நிரம்பி மூச்சு முட்டிட்டு இருந்த மெஷின் கொஞ்சம் தேறும், அவ்வளவுதான். நிஜமான தடை ஹார்ட் டிஸ்க்.

டிஃப்ராக் (சிதறிக் கிடக்கற ஃபைல் துண்டுகளை ஒண்ணு சேர்க்கறது) பண்றதுக்கு முன்னாடி கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ போட்டு டிஸ்க்கோட உடம்பைப் பாருங்க. 05ங்கற வரி மாத்தி எழுதப்பட்ட செக்டர் (டிஸ்க்கோட ஒரு சின்னப் பகுதி), சி5ங்கறது படிக்க முடியாம நிக்கற செக்டர். ‘காஷன்’னு மஞ்சள்ல காட்டி, சி5-ல பூஜ்யம் இல்லாம எண் இருந்தா எதையும் அழிக்கவும் வேண்டாம், டிஃப்ராக்கும் வேண்டாம், செக்டிஸ்க்கும் வேண்டாம். முடியப்போற டிஸ்க்கைப் போட்டு உருட்டறது அது எல்லாமே. மொதல்ல டேட்டாவை வெளிய எடுங்க.

நல்லா இருந்தா 2.5 இன்ச் சாட்டா எஸ்எஸ்டி, அதாவது சுத்தற தட்டு இல்லாத வேகமான டிஸ்க், ஒண்ணு போடுங்க, 240 ஜிபி போதும். பழைய சாட்டா 2 போர்டுலயும் ஓடும். முழு வேகம் கிடைக்காது, இருந்தாலும் ஹார்ட் டிஸ்க்குக்கும் அதுக்கும் ஒப்பே இல்லை. இப்ப சுத்தம் பண்ணினது இங்கதான் உதவும்: 500 ஜிபி டிஸ்க்கை 240-க்கு குளோன் பண்ணணும்னா, அதாவது அப்படியே நகல் எடுக்கணும்னா, உள்ள இருக்கற சரக்கு அதுக்குள்ள அடங்கணும். எஸ்எஸ்டி போட்ட பொறவு டிஃப்ராக் சாஃப்ட்வேர் எதையும் ஓட்டாதீங்க, விண்டோஸ் 10 அதுக்கு வேண்டியதைத் தானாச் செஞ்சுக்கும்.

இன்னொண்ணு, பல்லடம், சோமனூர்ப் பக்கம் தறி ஓடற வீடுன்னா பெட்டியைத் திறந்து பாருங்க. பஞ்சுத் தூசி, பிராசசர் சூட்டைத் தணிக்கற ஹீட்சிங்க் இடுக்குல ஒட்டடை மாதிரி படிஞ்சு காத்தை அடைச்சிருக்கும். சூடு ஏறினா பிராசசர் தன்னால வேகத்தைக் குறைச்சுக்கும், எத்தனை ஃபைல் அழிச்சாலும் அதுக்குப் பலன் இருக்காது. பிளக்கைக் கழட்டிட்டு, ஃபேன் இறக்கையை விரலால பிடிச்சுட்டு புளோயர் அடிங்க. சுத்த விட்டு ஊதினா பேரிங் போயிரும்.

பல்லடம் | 9 மார்ச் 2025

எஸ்எஸ்டி போட்டாச்சுங்க. தூசி ஒரு கைப்பிடி வந்துச்சு. டேலி அடிச்சதும் திறக்குது.

பொள்ளாச்சி | 18 அக்டோபர் 2025

புதுசாப் படிக்கறவங்களுக்கு: 2025 அக்டோபர் 14-ஓட விண்டோஸ் 10-க்கும் வழக்கமான அப்டேட் முடிஞ்சுருச்சு. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0ங்கற பாதுகாப்பு வசதி வேணும், இன்டெல் பிராசசர்ல பெரும்பாலும் எட்டாம் தலைமுறையும் அதுக்கு மேலயும்தான் ஒத்துக்கும். இந்த இழையில பேசற மெஷின் பலதுக்கு அது ஆகாது. வீட்டு உபயோகத்துக்கு நீட்டிச்ச பாதுகாப்பு அப்டேட் 2026 அக்டோபர் 13 வரைக்கும் கிடைக்குது, செட்டிங்ஸ்ல விண்டோஸ் அப்டேட் பக்கத்துலயே பதிவு பண்ணலாம், மைக்ரோசாஃப்ட் கணக்கு ஒண்ணு வேணும். சி-ல இடம் இல்லைன்னா அந்த அப்டேட்டும் ஏறாது, பத்து ஜிபியாச்சும் எப்பவும் காலியா விட்டு வையுங்க.